சைக்கிளில் போன கறிமீன்

மீன் நாற்றம் எனக்கு நாற்றமே இல்லை. குப்பத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது வீட்டு வாசனை. கருவாடு காயும் மணலில் துண்டை விரித்துத் தூங்கியிருக்கிறேன். இறால் உரித்த கையைப் பழவேற்காட்டு ஏரித் தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டு அப்படியே சோறு தின்றிருக்கிறேன். ஆனால் பாதி வெந்து பாதி அழுகிய மீனின் நாற்றம் என்று ஒன்று இருக்கிறது. ஐம்பது வயதுக்குமேல்தான் அது எனக்குத் தெரிய வந்தது. அதை உண்டாக்கியவனும் நான்தான். இன்றைக்கும் பக்கத்தில் யாராவது மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்தால், பெட்ரோல் வாடைக்குப் பின்னாலேயே அந்த நாற்றம் வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது. காறித் துப்பினாலும் போவதில்லை.

படகைத் தள்ளும்போது வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து நான் கடலுக்குப் போவதில்லை. என்னைக் கழற்றிவிடாமல் கரைவேலை கொடுத்தார்கள். படகுக்கு எண்ணெய் வாங்கி வைப்பது, ஐஸ் கொண்டுவருவது, கிழிந்த வலையைத் தைப்பது, மோட்டாருக்கு ஏதாவது சாமான் வேண்டுமென்றால் பொன்னேரிக்கு ஓடுவது, இதெல்லாம் கரைவேலை. எங்களுடையது ஃபைபர் படகு. படகுக்காரரையும் சேர்த்து ஐந்து பேர் ஏறுவார்கள். நான் ஆறாவது ஆள், மண்ணில் நிற்கிறவன்.

இந்த வேலைகளைச் சொல்லித்தான் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். வாங்கிய பிறகு அது இல்லாமல் வீட்டு வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. வெற்றிலைக் கடை என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், அதற்கும் வண்டி. பழவேற்காடு பஜாருக்கு வண்டி, ரேஷன் கடைக்கு வண்டி, அடுத்த தெருவில் இழவு விழுந்தால் மாலையோடு வண்டி. நான் மட்டுமில்லை, ஊரே அப்படித்தான். நான்கு வீடு தள்ளி இருக்கிற தம்பியிடம் தீப்பெட்டி வாங்க வண்டியைக் கிளப்புகிறவனை எங்கள் குப்பத்தில் யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

வண்டிக்குச் சிவப்பும் கறுப்புமாகப் புது சீட் கவர் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஷாம்பு போட்டுக் கழுவுவேன். “எனுக்கு ஒரு நாளாச்சும் இப்டி தல தேச்சி வுட்டிருக்கியாயா?” என்று என் மனைவி கேட்பாள். நான் இளித்துக்கொண்டே துணியால் டேங்கைத் துடைப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

எங்கள் படகில் முன்பக்கம் நின்று வலை போடுகிறவர் ஒருவர் இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணா என்று கூப்பிடுவார். திருப்பாலைவனம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். அத்தனை தூரமும் சைக்கிளில்தான் வருவார், சைக்கிளில்தான் போவார். கரைக்கு வந்ததும் ஒரு கோணித் துண்டை ஏரித் தண்ணீரில் நனைப்பார், வீட்டுக்கு எடுத்த மீனை அதில் சுருட்டுவார், கேரியரில் கட்டுவார், மிதிக்க ஆரம்பித்துவிடுவார். டீக்கடையில் நிற்க மாட்டார். “இன்னா மாமே, கலெக்டர் ஆபீசுக்கு டைம் ஆச்சா?” என்று நாங்கள் கூவுவோம். “வூட்ல அடுப்ப பத்த வச்சினு காத்துனு கீறாடா,” என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல். நாங்கள் இன்னும் சத்தமாகச் சிரிப்போம்.

அவர் மஞ்சள் காமாலையில் செத்துப்போனார். முதலில் ஏதோ நாட்டு மருந்து சாப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேரம் கடந்துவிட்டது. மனைவியும் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளும் மிச்சம்.

எங்கள் குப்பத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. படகில் போகிற ஆள் இறந்துபோனால், வருஷத் திதி முடிகிறவரை, படகு போகும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்குக் கறிமீன் போக வேண்டும். கறிமீன் என்பது, ஏலத்துக்குக் கொட்டுவதற்குமுன் அவரவர் வீட்டுக் குழம்புக்கு எடுத்துக்கொள்கிற மீன். அந்தப் பை போய்க்கொண்டிருக்கிறவரை செத்தவரின் இடத்தில் வேறு ஆளை நிரந்தரமாக ஏற்றக் கூடாது. திதி முடிந்ததும் அந்த வீட்டார் யாரைக் கைகாட்டுகிறார்களோ அவரைத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் நடுவில் ஒரு நாள் அந்த வீட்டில் ‘மீன் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால், அன்றோடு சரி. இடம் படகுக்காரருக்குப் போய்விடும்.

செத்தவரின் மனைவியான அந்த அம்மாளுக்குக் கோட்டைக்குப்பத்தில் ஒரு தம்பி இருந்தான். முப்பது வயது ஆள். சொந்தமாக எந்தப் படகிலும் இடமில்லாமல், கூப்பிட்டவர் படகில் கூலிக்கு ஏறிக்கொண்டிருந்தான். திதி முடிந்ததும் அவனை எங்கள் படகில் ஏற்ற வேண்டும், அவன் பிடிக்கிற மீனில் அக்காள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த வீட்டுக்கு வேறு போக்கு கிடையாது. படகுக்காரருக்கோ, கம்பெனி வேலை போய் வீட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிற மருமகன் ஒருவன் இருந்தான். அவனை அந்த இடத்தில் ஏற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

கறிமீனைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்னிடம் வந்தது. வண்டி வைத்திருக்கிறவன் நான்தானே. “மொதல்ல ஐஸு, எண்ணெ எல்லாம் பாத்துடு. போற வழில அத குட்த்துட்டு வா,” என்றார் படகுக்காரர். எனக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. வண்டியில் போனால் பத்து நிமிஷம், எப்போது போனால் என்ன?

வண்டி வேகமாகத்தான் போகும். ஆனால் வண்டிக்காரன் ஒரே இடத்துக்கு நேராகப் போக மாட்டான். பத்து நிமிஷ வழிதானே என்று அதற்குமுன் ஒன்பது வேலையைச் செருகுவான். ஐஸ் பேக்டரிக்குப் போவேன். பெட்ரோல் பங்க்கில் கேனை நிரப்புவேன். பஜாரில் நூல் வாங்குவேன். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வேன். தெரிந்தவன் கை காட்டினால் பின்னால் ஏற்றிக்கொண்டு அவன் வீட்டில் விடுவேன். அவன் டீ வாங்கித் தருவான். எல்லாம் முடிந்து, வெயில் உச்சிக்கு ஏறியபிறகு அந்தக் குடியிருப்புக்குப் போய் ஹாரன் அடிப்பேன்.

அதுவரை மீன்பை எங்கே இருந்தது என்பதுதான் விஷயம். சீட்டில் வைத்தால் சீட் கவரில் மீன் தண்ணீர் படும். டேங்க்மேல் வைத்தால் கறை பிடிக்கும். அதனால் முன்னால் இருக்கிற கார்டு கம்பியில் மாட்டுவேன். அங்கே மாட்டினால் பை இன்ஜினை உரசிக்கொண்டு தொங்கும். கடலில் முப்பது வருஷம் புரண்டவன், மீன் தண்ணீர் பட்டால் சீட் அசிங்கமாகிவிடும் என்று நினைத்தேன். மீன்கூடையோடு பஸ்ஸில் ஏறும் எங்கள் பெண்களைப் பார்த்து மூக்கைப் பொத்துகிற வெள்ளைச் சட்டைக்காரர்களை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன். அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஹாரன் கேட்டதும் அந்த அம்மாள் வெளியே வருவார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் பையை வாங்குவார். “சரிண்ணா,” என்பார். நான் வண்டியைத் திருப்புவேன். எட்டு மாதம் இப்படித்தான் போயிற்று. ஒரு நாளும் பையைப் பிரித்துப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. செத்தவன் வீட்டுக்கு ஒரு நாள் தவறாமல் மீன் கொண்டுபோகிற நல்லவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு நாள் ஹாரன் அடித்தும் யாரும் வரவில்லை. கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் இருப்பாரோ என்று சுற்றிக்கொண்டு போனேன். முருங்கை மரத்தடியில் ஒரு குழி. மேலே போட்ட மணலை நாய்கள் பறித்துக் கலைத்திருந்தன. உள்ளே மடவை மீன் தலைகள், பிரிக்காத பைகள், நான் கட்டிய அதே முடிச்சோடு. ஒரு பை கிழிந்து, வெள்ளையாக ஏதோ நெளிந்தது. சோறு என்றுதான் முதலில் நினைத்தேன். சோறு நெளியாது. பச்சை ஈ ஒன்று வந்து என் உதட்டில் உட்கார்ந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு ஓட்டமாக வெளியே வந்தேன். அன்றைய பையை வாசற்படியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

எனக்கு வந்தது கோபம். உண்மையைச் சொல்கிறேன், என்மேல் இல்லை, அந்த அம்மாள்மேல். படகு காற்றிலும் அலையிலும் போய்க் கொண்டுவருகிற மீனை, எங்கள் வீட்டுக்கு எடுப்பதற்குமுன் அந்த வீட்டுக்கு என்று எடுத்துவைக்கிற மீனை, மண்ணில் போட்டுப் புதைக்கிறாரே, என்ன திமிர் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. நேராக டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். குழியையும் புழுவையும் கை காட்டிக் காட்டி விளக்கினேன். கேட்டவர்கள் ‘ச்சே’ என்றார்கள். படகுக்காரர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு இன்னொரு டீ சொன்னார். நானும் உறிஞ்சிக் குடித்தேன்.

ஒரு வாரத்துக்குள் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் வீட்டுக்கு வேண்டிய மீனை எப்போதும் அவளேதான் கரைக்கு வந்து எடுத்துக்கொண்டு போவாள். அன்றைக்கு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பையையும் நானே எடுத்தேன், இரண்டையும் அதே கம்பியில் மாட்டினேன், வழக்கமான வேலைகளையெல்லாம் முடித்தேன். ஒன்றை அங்கே கொடுத்தேன், மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு எழுந்து வந்து, அடுப்பங்கரையில் பையைப் பிரித்தாள்.

அந்த நாற்றம் வீடு முழுக்க அடித்தது. மீனின் ஒரு பக்கம் வெந்து, தோல் உரிந்து பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபக்கம் வயிறு வெடித்துக் குடல் பிதுங்கியிருந்தது. கண் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. செவுள் கறுத்துக் கொழகொழவென்று விரலில் ஒட்டியது. கிழங்கான் மீன் அது, காலையில் கையில் துள்ளியது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது அவள் கண்ணில் தண்ணீர்.

“இன்னாயா இது? பொணத்த கொண்டாந்து குடுக்கற?”

நான் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக்கில் இன்ஜின் உரசிய இடம் உருகிச் சுருங்கியிருந்தது.

“அந்தப் பொண்ணுக்கும் இப்டித்தான் குட்த்துனு இருந்தியா, இத்தினி நாளும்?”

நான் பையின் வாயைச் சுருட்டி மூடினேன்.

“ஒன் மூஞ்சில தூன்னு துப்பியிருக்கணும் அது,” என்றாள். போய்ப் படுத்துக்கொண்டாள். அதை அள்ளிக்கொண்டுபோய்க் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தேன். மண்ணைத் தள்ளும்போதுதான் கை நின்றது. அந்த அம்மாள் எட்டு மாதம் செய்த வேலையை நான் ஒரு நாள் செய்துகொண்டிருந்தேன். அவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்றும் அப்போதுதான் புரிந்தது. சொன்னால் ‘வேண்டாம்’ என்று சொன்னதாகிவிடும். இடம் போய்விடும். பிள்ளைகளுக்குத் தட்டில் வெறும் ரசத்தை ஊற்றிவிட்டு, அழுகல் பையை இரண்டு கையாலும் வாங்கி, நான் கண்ணுக்கு மறைகிறவரை வாசலில் நின்றிருக்கிறார்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வண்டியின் சாவியைக் கையில் எடுத்தேன், பக்கத்தில் போனேன். அந்தக் கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கோடு மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஷாம்பு போட்டுக் கழுவிய வண்டிதான். நான் சீட்டைத் தேய்த்திருக்கிறேன், டேங்கைத் தேய்த்திருக்கிறேன், அங்கே மட்டும் குனிந்து பார்க்கவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன்.

என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் ஒன்று கூரை ஓரத்தில் சாய்ந்திருந்தது. அவள் இப்போது பொன்னேரி காலேஜுக்கு பஸ்ஸில் போகிறாள். முன்னால் கம்பிக் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். உப்புக்காற்றில் செயின் துருவேறி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, எண்ணெய் விட்டு, டயருக்குக் காற்றடித்தேன். “நைனா, நெசமாவே இதுலயா போப் போற? எல்லாரும் சிரிப்பாங்க நைனா,” என்றாள் மகள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

சிரித்தார்கள். “இன்னா நைனா, பிளஸ் ஒன்னா பிளஸ் டூவா?” என்றான் ஒருவன். “ரெட்டை ஜடை எங்க?” என்று இன்னொருவன். நான் ஒரு கோணித் துண்டை ஏரியில் நனைத்தேன். கறிமீனை அதில் சுருட்டி, ஐஸ் துண்டு நாலைந்தைப் போட்டு, கூடையில் வைத்தேன். படகுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஐஸ் யார் கொண்டாருவா?”

“இத குட்த்துட்டு வந்து கொண்டாறேன்.”

“சைக்கிள்லயா?”

“சைக்கிள்லதான்.”

அவர் மருமகன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நான் மிதித்தேன். இடுப்பு வலிக்கத்தான் செய்தது. எதிரே வாடைக்காற்று வேறு. ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. சைக்கிளில் போகிறவனை யாரும் கை காட்டி நிறுத்துவதில்லை, லிஃப்ட் கேட்பதில்லை, ‘அப்படியே இதையும் வாங்கிக்கொண்டு வா’ என்று சொல்வதில்லை.

சைக்கிளில் போனபிறகுதான் எங்கள் ரோடு எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று பார்த்தேன். வண்டியில் போனால் எல்லாம் சர்ரென்று பின்னால் போய்விடும். சைக்கிளில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போய் மூச்சு விட வேண்டும். லாரி அடித்த நாய் மூன்று நாளாக அதே இடத்தில் ஊதிக்கொண்டே இருக்கும். இறால் ஓடுகளை மூட்டையாகக் கட்டி வாய்க்காலில் தள்ளியிருப்பான், நம் ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து ஏரியை போட்டோ எடுத்து, பொரித்த மீன் தின்றுவிட்டு, எண்ணெய்த் தட்டையும் பீர் பாட்டிலையும் ஏரிக்கரையிலேயே வீசிவிட்டுப் போகிறார்கள். ஏரியைப் பார்த்து ‘சூப்பர்’ என்று சொல்லிக்கொண்டே வீசுகிறார்கள். ஆனால் அவர்களைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் முருங்கை மரத்தடிக் குழி ஞாபகத்துக்கு வந்து வாயை அடைத்துவிடும்.

முதல் நாள் நான் சைக்கிள் மணியை அடித்தபோது அந்த அம்மாள் வெளியே வந்தார். இரண்டு கையாலும் வாங்கினார். கோணி ஈரமாக இருந்ததைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார்.

“சைக்கிள்லயாண்ணா வந்த?”

“ஆமா தங்கச்சி.”

என் நாக்கில் மன்னிப்பு வந்து நின்றது. எட்டு மாதம் நான் செய்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் போனபோது அந்த வீட்டிலிருந்து பூண்டு போட்டுக் கொதிக்கிற மீன்குழம்பு வாசனை வந்தது. சின்னப் பெண் முள்ளைச் சூப்பிக்கொண்டே வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தது. சரி, இனிமேல் எல்லாம் நேராகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேராகவில்லை. டீக்கடையில் நான் விட்ட கதை அப்படியே இருந்தது. அதைத் திரும்பப் போய் எடுக்க எனக்குத் துப்பில்லை. ‘நான் சொன்னது தப்பு, மீனைக் கெடுத்தவன் நான்தான்’ என்று அதே பெஞ்சில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் மிதித்தேன், ஒரு நாளும் இறங்கவில்லை. கோழைத்தனத்துக்கு இவ்வளவு அருவருப்பான முகம் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. கண்ணாடியில் சவரம் செய்யும்போதுதான் தெரிந்தது.

திதி முடிந்தது. கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, காலையில் வலைக் கொட்டகையில் கூடினோம். படகு ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள், ஊரில் பெரியவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் தம்பியோடு வந்து கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றார். இந்த மாதிரி விஷயத்தில் பெண்கள் உள்ளே வந்து உட்காரும் பழக்கம் எங்களிடம் இல்லை. தம்பியை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர் அங்கிருந்தே சொன்னார்.

படகுக்காரர் தொண்டையைக் கனைத்தார். “நானும் ஒரு நாள் உடாம மீன் அனுப்பிச்சேன். இல்லனு யாராச்சும் சொல்ல முடியுமா? ஆனா அந்த மீனு சட்டிக்குப் போவல. மண்ணுக்குப் போச்சி. நம்ம கறிமீன குழி வெட்டி பொதைச்ச வூடு, வேணாம்னு சொன்ன வூடுதான். எடம் காலி. நானா சொல்லல, கண்ணால பாத்த ஆளு இங்கயே கீறான்.” கையை என் பக்கம் நீட்டினார். “சொல்லுபா. அன்னிக்கி டீக்கடைல சொன்னியே, அதயே சொல்லு. போதும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே நின்ற அம்மாள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் வலை ஊசி இருந்தது. அதைக் கீழே வைத்தேன். அன்றைக்கு அவர் எனக்குச் சொன்ன அந்த இரண்டாவது டீ எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

“பொதைச்சது நெசந்தான்,” என்றேன். “ஆனா நான் கொண்டுபோய்க் குட்த்தது மீனே இல்ல. வண்டில இன்ஜின் பக்கத்துல மாட்டினு ஊரெல்லாம் சுத்திட்டு, மத்தியானத்துல குட்த்தேன். வெந்து நாறிப்போச்சி. சீட்டு அழுக்காவும்னு அங்க மாட்டனேன். எட்டு மாசம். பூனகூட மோந்து பாக்காது அத. நான் சைக்கிள்ல போவ ஆரம்பிச்சப்புறம் ஒரு துண்டுகூட மண்ணுக்குப் போவல. வேணும்னா போய் குழிய தோண்டிப் பாருங்க.”

யாரோ ஒருவன் ‘சீட்டு அழுக்காவும்’ என்பதைக் கேட்டுக் களுக்கென்று சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் என் பக்கத்திலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். பேமானி என்று எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

படகுக்காரர் விடவில்லை. வெளியே பார்த்துக் கேட்டார். “நாறிப்போன மீன இன்னாத்துக்கு வாங்கின? அப்பவே இவன் மூஞ்சில உட்டெறிஞ்சிருக்கலாம் இல்ல?”

அந்த அம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தார். “எறிஞ்சிருந்தா, வேணாம்னு எறிஞ்சிட்டானு நீயே சொல்லியிருப்ப. அதுக்குத்தான் வாங்கனேன்,” என்றார். குரல்கூட உயரவில்லை.

பெரியவர்களில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “மீனு போச்சி, அந்தம்மா வாங்கிச்சி. வாய்ல வேணாம்னு சொல்லல. தம்பிய ஏத்திக்கோ,” என்றார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். படகுக்காரர் என்னைப் பார்த்த பார்வையிலேயே என் கரைவேலை போய்விட்டது என்று தெரிந்தது. மறுநாளிலிருந்து மருமகன் ஐஸ் கொண்டுவந்தான். எனக்கு வலை தைக்கிற வேலை மட்டும் மிஞ்சியது. அதுவே அதிகம். அந்த அம்மாளிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். அவர் தம்பியோடு பேசிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

தம்பி முதல் நாள் படகில் போய்த் திரும்பியபோது நான் கொட்டகையில் வலையோடு உட்கார்ந்திருந்தேன். ஈர லுங்கியோடு நேராக என்னிடம் வந்தான். கையில் ஒரு பை. நல்ல மடவை, நான்கு இருக்கும், கண் கண்ணாடியாக இருந்தது.

“அக்கா சொல்லிச்சி, மொத நாள் கறிமீன்ல பாதி ஒங்க வூட்டுக்குப் போவணும்னு.”

நான் கையை நீட்டவில்லை. அவன் பையை என் மடியில் வைத்தான்.

“இன்னொன்னு கேட்டுக்கச் சொல்லிச்சிண்ணா. சைக்கிள்லதான எடுத்துனு போவீங்கனு.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான், அக்காள் எப்படிச் சொன்னாரோ தெரியாது. நான் கோணியை நனைத்து மீனைச் சுருட்டிக் கூடையில் வைத்து, எங்கும் நிற்காமல் வீட்டுக்கு மிதித்தேன். மனைவி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். தட்டில் போட்டாள். முதல் வாயிலேயே அந்தக் குழி வந்தது, முடிச்சு அவிழாத பைகள் வந்தன, பச்சை ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தது. எழுந்து போய்த் துப்பிவிடலாம் என்று இருந்தது. அந்த அம்மாள் எட்டு மாதம் முகம் சுளிக்காமல் வாசலில் நின்றதை நினைத்துக்கொண்டு, இரண்டாவது துண்டையும் போடச் சொன்னேன். குமட்டக் குமட்ட விழுங்கினேன். தட்டில் முள்ளை மட்டும் மிச்சம் வைத்தேன்.